கட்டத்தை மாட்டவைக்கும் புள்ளி எழுத்துகள்

கேள்வி: பல வருடமாகக் குறுக்கெழுத்துப் புதிர்களை விடாமல் நிரப்பி வருகிறேன். இப்போது நானே ஒன்று உருவாக்க ஆசை. ஆனால் நாலைந்து சொற்களுக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. எங்கே தொடங்குவது? மென்பொருள் ஏதாவது வேண்டுமா?

பதில்: மென்பொருளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை பலவும் 'னி' என்ற ஓர் எழுத்தை ன என்றும் அதன் மேல் வரும் விசிறி (ி) என்றும் பிரித்து இரண்டு கட்டத்தில் போட்டுவிடும். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், அழிப்பான் போதும்.

நீங்கள் மாட்டிக்கொள்வது அநேகமாகப் புள்ளி வைத்த எழுத்துகளில்தான். தமிழில் மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது, அதனால் ஒரு மெய் சந்திப்புக் கட்டத்தில், அதாவது இரண்டு சொற்கள் வெட்டிக்கொள்ளும் கட்டத்தில், விழுந்தால் குறுக்கே வரும் சொல்லுக்கும் அது நடுவிலோ கடைசியிலோதான் இருந்தாக வேண்டும். க், ச், த், ப் விழுந்தால் இன்னும் சிரமம், க் வந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசைதான், பக்தி போன்ற சில வடசொற்கள்தான் விதிவிலக்கு. ஆகவே புள்ளி எழுத்துகள் சந்திப்பில்லாத கட்டங்களில் போய் விழுகிற மாதிரி சொற்களைத் தேர்ந்தெடுங்கள். நியூயார்க் டைம்ஸில் வருவது போல எல்லா எழுத்தும் இரண்டு சொற்களுக்குப் பொதுவாக வரும் கட்டம் 26 எழுத்துக்காரர்களுக்குச் சரி, நமக்கு 247. ஒன்று விட்டு ஒன்று சந்தித்தால் போதும்.

ஏழுக்கு ஏழு கட்டம் போட்டு, மூன்றாம் வரிசையில் 'கன்னியாகுமரி' என்று எழுதிப் பாருங்கள். 1, 3, 5, 7 ஆகிய இடங்களில் சந்திப்பு வைத்தால் க, னி, கு, ரி கிடைக்கின்றன, புள்ளி வைத்த ன் தானாகவே ஒதுங்கிவிட்டது. னி-யில் சொல் தொடங்காது, ஆனால் முடியும்: முதல் வரிசையிலிருந்து 'மோகினி' இறங்கி வரட்டும். ரி-க்கு அதேபோல 'மாதிரி'. கு-விலிருந்து 'குயில்' கீழே போகும், அதன் கடைசி ல் ஐந்தாம் வரிசையில் நிற்கும், அங்கே இடமிருந்து வலமாக 'கடல்' வந்து அதே ல்-லில் முடிந்தால் இரண்டு சொல்லுக்கும் பொருந்திவிட்டது. ம், ன், ல், ர், ள் இப்படிக் கடைசியில் கைகொடுக்கும், அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். இந்தக் காரணத்தால்தான் நீளமான சொல்லை முதல் வரிசையில் வைக்க வேண்டாம் என்கிறேன், மேலே இடம் இல்லாவிட்டால் னி-யையும் ரி-யையும் என்ன செய்வீர்கள்? ஒரு சொல் எங்கும் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு பிடித்த சொல்லானாலும் தூக்கிவிடுங்கள். அகராதியைப் புரட்டி யாரும் கேள்விப்படாத சொல்லைத் திணிப்பது நிரப்புகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: குறிப்புகளைச் சுவையாக எழுதுவது எப்படி?

பதில்: கட்டம் முழுதும் நிரம்பிய பிறகு எழுதுங்கள். அகராதிப் பொருளை அப்படியே போட்டால் பரீட்சைத் தாள் ஆகிவிடும். இரண்டு பொருள் உள்ள சொல் நல்ல ஆரம்பம்: 'வாரந்தோறும் வரும் நிலவு (4)' என்றால் திங்கள். அப்புறம் எழுத்தை வெட்டி ஒட்டும் வகை: 'நகரத்தின் தலை போனால் கை (3)', விடை கரம். இங்கே கவனியுங்கள், கை என்ற நேர்ப்பொருளும் இருக்கிறது, விடைக்குப் போகும் வழியும் இருக்கிறது, தேவையில்லாத சொல் ஒன்றுகூட இல்லை. இந்த மூன்றும் இருந்தால் விடை தெரிந்ததும் 'அட, சரிதானே' என்று தோன்றும். அடைப்புக்குறியில் எழுத்து எண்ணிக்கை போடுவதை மறக்காதீர்கள், மெய்யெழுத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

கேள்வி: வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று சொற்களைத் திருப்பிப் போடலாமா?

பதில்: நம் பத்திரிகைகளில் வழக்கம் உண்டு, தவறில்லை. ஆனால் கட்டம் இடிக்கிற இடத்திலெல்லாம் திருப்பிப் போட்டுத் தப்பிக்கப் பழகினால் சொல்லைத் தேடும் பழக்கமே வராது. முதல் சில புதிர்களில் தவிர்த்துவிடுங்கள், பிறகு ஒன்றிரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.