லேசருக்குப் பிறகும் நிற்கும் தாடை முடி: எலக்ட்ரோலிசிஸ் செய்யலாமா?

கேள்வி: வயது 34. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தாடையில் தடித்த முடி வளர்கிறது. பல வருடம் த்ரெடிங் செய்தேன். பிறகு லேசர் எடுத்தேன். கறுப்பு முடி குறைந்தது, வெள்ளை முடி அப்படியே இருக்கிறது. கன்னத்தில் இருந்த பூனை முடி இப்போது தடித்துத் தெரிகிறது. எலக்ட்ரோலிசிஸ் செய்தால் திரும்பவே வராது என்கிறார்கள். நான் மாநிறம், தழும்பு விழுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, திருச்சி

பதில்: செய்யலாம். உங்கள் நிலைக்கு அதுதான் பொருத்தமும்கூட. எலக்ட்ரோலிசிஸ் என்பது மெல்லிய ஊசி வழியாக மின்சாரம் கொடுத்து முடியின் வேரை அழிக்கும் முறை. ஆனால் அந்த ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

லேசர் ஒளி முடியில் உள்ள கறுப்பு நிறமியைத் தேடிப் போய்ச் சுடுகிறது. வெள்ளை முடியில் அந்த நிறமி கிடையாது. இன்னும் எத்தனை சிட்டிங் போனாலும் பணம்தான் போகும். கன்னத்து முடி தடித்தது உங்கள் பிரமையும் அல்ல. லேசர் பட்ட இடத்தின் ஓரங்களில் சிலருக்கு இப்படி முடி கிளம்பும். நம்மைப் போன்ற நிறத்தவர்களின் முகத்தில், அதிலும் ஹார்மோன் கோளாறு இருக்கும் பெண்களுக்கு, இது அதிகம். கன்னத்தில் லேசரை இத்தோடு நிறுத்திவிடுங்கள்.

எலக்ட்ரோலிசிஸுக்கு முடியின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. 1875-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் மடங்கிக் குத்தும் இமை முடியை அழிக்க இந்த முறையைக் கையாண்டார். இன்றும் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைத்தான் நிரந்தர முடி நீக்கம் என்று ஏற்கிறது. லேசரை நிரந்தரக் குறைப்பு என்றுதான் சொல்கிறது.

மெல்லிய ஊசியை முடி வளரும் சாய்விலேயே மயிர்க்காலுக்குள் இறக்கி மின்சாரம் கொடுப்பார்கள். கால்வானிக் முறையில் மயிர்க்காலில் உள்ள உப்பும் நீரும் காஸ்டிக் சோடாவாக மாறி வேரை அரித்துவிடும். மெதுவான வேலை. தெர்மோலிசிஸில் சூட்டால் சில நொடிகளில் வேர் வெந்துவிடும். பிளெண்ட் என்பது இரண்டும் சேர்ந்தது. பல வருடம் பிடுங்கப்பட்ட முடியின் கால் வளைந்து போயிருக்கும், நேரான ஊசி அதன் அடிவரை எட்டாமல் போகலாம். சோடா வளைவுக்குள்ளும் பரவும் என்பதால் உங்களுக்கு பிளெண்ட் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நிரந்தரம் என்ற சொல்லை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். செத்த வேர் திரும்ப முளைக்காது, அவ்வளவுதான். ஆண் ஹார்மோன் கூடுதலாக இருந்தால் பக்கத்துப் பூனை முடி நாளைக்குத் தடித்த முடியாக மாறும், சிகிச்சைக்கு முடிவே இருக்காது. எனவே டெஸ்டோஸ்டிரோன், டிஹெச்இஏஎஸ் ஆகிய ஆண் ஹார்மோன்கள், தைராய்டு, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றால் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்று ஸ்கேனும் வேண்டும். முடி சில மாதங்களில் திடீரென்று பெருகினாலோ, குரல் கட்டையானாலோ தாமதிக்காமல் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். சின்ன வயதில் கஸ்தூரி மஞ்சள் பூசாததால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

காலமும் பிடிக்கும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, வளரும் பருவத்தில் இருக்கும் வேர்தான் நன்றாக அழியும். முதலில் வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி விட்டு, ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகலாம். அதுவரை த்ரெடிங், வாக்சிங், பிடுங்குவது எதுவும் கூடாது. முடி வெளியே தெரிந்தால்தான் ஊசியை இறக்க முடியும். இடைப்பட்ட நாட்களில் கத்தரித்துக்கொள்ளலாம், ஷேவ்கூடச் செய்யலாம். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது உண்மையில்லை.

தழும்பு பற்றிய பயம் நியாயமானது. நம் சருமம் லேசான சூட்டுக்கே கறுத்துவிடும். மின்சாரம் அளவுக்கு மீறினாலும், ஊசி ஆழம் போதாமல் மேல்தோல் வெந்தாலும் கருந்திட்டு விழும். மேல்பாகத்தில் காப்புப் பூச்சு உள்ள ஊசி இதற்குப் பாதுகாப்பு. நெருக்கமாக உள்ள முடிகளை ஒரே நாளில் எடுக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பும் வீக்கமும் ஓரிரு நாளில் வடியும். பொருக்கைக் கிள்ளாதீர்கள். இரண்டு நாளைக்கு மஞ்சள், ப்ளீச், மேக்கப் வேண்டாம், வெயிலில் சன்ஸ்கிரீன் அவசியம். காயம் பட்டால் தழும்பு புடைத்து வளரும் உடம்பு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் செய்துகொள்ளக் கூடாது, கர்ப்பிணிகள் தள்ளிப்போடுவது நல்லது.

செய்பவரின் கைதான் முக்கியம். புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். மின்சாரம் கொடுத்த பிறகு ட்வீசரால் தொட்டு எடுக்கும்போது, இழுபடும் உணர்வே இல்லாமல் முடி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அடியில் ஈரமாகப் பளபளக்கும் உறையும் பல நேரம் சேர்ந்து வரும். சுருக்கென்று பிடுங்கும் வலி தெரிந்தால் அந்த வேர் சாகவில்லை, வெறுமனே பிடுங்கியிருக்கிறார்கள். அங்கேயே சொல்லுங்கள். ஊசியே இல்லாமல் ட்வீசர் வழியாக மின்சாரம் பாய்ச்சும் கருவிகளை நம்பாதீர்கள், முடி வழியாக வேர் வரைக்கும் மின்சாரம் போகாது. மச்சத்தில் வளரும் முடியைத் தோல் மருத்துவர் பார்க்காமல் யாரையும் தொட விடாதீர்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும், தாடைக்கு அடியில் மறைவான இடத்தில் நாலைந்து முடியை மட்டும் எடுத்துப் பாருங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து அங்கே கறுப்பு விழாமல் இருந்தால் முகத்தில் ஆரம்பிக்கலாம். வலி தாங்காது என்றால், ஒரு மணி நேரம் முன்னால் தடவும் மரத்துப்போகிற கிரீமை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.