பேட்டரி வண்டியும் நாயும்: பூங்கா வாசலில் தடுத்தால் என்ன செய்வது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 63. பக்கவாதம் வந்த பிறகு வலது கால் இழுக்கிறது. மகன் மூன்று சக்கர பேட்டரி ஸ்கூட்டர் வாங்கித் தந்திருக்கிறான். எங்கள் நாய் மணி என்னை விட்டு நகராது. போன மாதம் ஒரு பூங்காவில் “வண்டியும் கூடாது, நாயும் கூடாது” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொங்கலுக்கு கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்காவுக்குப் போக ஆசை. இதற்குத் தனி ‘பாஸ்’ வேண்டும், 1,500 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அப்படி ஒரு பாஸே கிடையாது. கலெக்டர் அலுவலக வாசலில் இப்படிப்பட்டவர்கள் நிற்பதை நான் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். ஊனச் சான்றிதழுக்கு ஒரு விலை, அடையாள அட்டைக்கு ஒரு விலை சொல்வார்கள். இரண்டுமே அரசு இலவசமாகத் தருபவை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு மகனோடு நேரில் போங்கள். மருத்துவர்கள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் பாதிப்பு இருப்பதாகச் சான்று கொடுத்தால் அடையாள அட்டை வரும். வாசலில் பேச்சு வளராமல் இருக்க அந்த அட்டை உதவும். மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய நாய் என்று காட்ட, நாய்க்கே ‘சேவை நாய் அட்டை’ என்று இணையத்தில் விற்கிறவர்களும் உண்டு. அதற்குச் செல்லாக் காசின் மதிப்புகூட இல்லை.

வண்டியையும் நாயையும் ஒன்றாகப் போட்டு வாதாடாதீர்கள். பலரும் தோற்பது அங்கேதான். வண்டி உங்கள் கால். பொதுமக்களுக்கான இடங்களும் வசதிகளும் மாற்றுத்திறனாளிகள் வந்துபோகத் தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். நாய்க்கு அந்த உரிமை இல்லை. பூங்காக்களில் வளர்ப்பு நாயை அடியோடு தடுக்க வேண்டாம் என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் சொன்னது அறிவுரைதான், சட்டமல்ல. அதனால் நாய் விஷயத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவதே வழி.

இனி உங்கள் வண்டி. மகனிடம் கேட்டு மோட்டாரின் திறனைப் பாருங்கள். 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால்தான் பேட்டரி வண்டி ‘மோட்டார் வாகனம்’ என்ற கணக்கில் வராது. இந்த இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது, இரண்டுமே வேண்டும். அதோடு, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் அதைச் சரிபார்த்துச் சான்று கொடுத்திருக்கவும் வேண்டும். சில கடைக்காரர்கள் 500 வாட் மோட்டாரை மாட்டி, வேகத்தை மட்டும் குறைத்து வைத்து, “லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம்” என்று விற்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறு. வேகம் 20-தான் என்றாலும் 500 வாட் வண்டிக்கு இந்த விலக்கு கிடையாது. சான்றின் நகலைக் கடையில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வண்டியைத் திருப்பிக் கொடுங்கள். இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் உங்கள் வண்டிக்கும் வித்தியாசம் தெரியாத காவலாளியிடம் இந்தக் காகிதத்தைக் காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

காவலாளியைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளத்தில் சாய்தளம் வேண்டும் என்பது விதி. நான்கு அடியில் மலைபோல ஒன்றைக் கட்டிவிட்டு, அதன் வாயிலில் பைக்கையும் நிறுத்த விடுகிறார்கள். நோயாளிகளோடு போய் எத்தனை வாசலில் சுழல் கம்பிக்கு முன்னால் நின்றிருக்கிறேன்! பெரிய கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூட அங்கே யாருக்கும் தெரியாது. இனி யாராவது திருப்பி அனுப்பினால் தேதி, நேரத்தோடு ஒரு மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கே.ஆர்.பி. அணை 1950-களில் கட்டியது. சக்கர நாற்காலியை யாரும் நினைத்துப் பார்க்காத காலம். மகன் முதலில் தனியாகப் போய், எங்கே படி, எங்கே சாய்தளம், கழிப்பறைக்கு வண்டி போகுமா என்று பார்த்து வரட்டும். நாயை விடுவார்களா என்பதையும் அப்போதே கேட்கட்டும். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம், அந்தக் கூட்டத்தில் வண்டியைத் திருப்பக்கூட இடம் கிடைக்காது. வீட்டிலிருந்து வண்டியிலேயே கிளம்பி நெடுஞ்சாலைக்கு வராதீர்கள், லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

மணியின் கயிற்றை எக்காரணம் கொண்டும் ஹேண்டில்பாரில் கட்டாதீர்கள். பூனையைக் கண்டு அது ஒரு பக்கம் இழுத்தால் ஹேண்டில் திரும்பி, மூன்று சக்கர வண்டி கவிழ்ந்துவிடும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போட்டு, நான்கடிக்கு மிகாத கயிற்றை மகன் பிடித்துக்கொள்ளட்டும். தெருநாய்கள் சூழ்ந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள், வேகம் எடுத்தால் துரத்தும். வெறிநாய்த் தடுப்பூசியை வருடம் ஒருமுறை அரசு கால்நடை மருத்துவமனையில் போட்டு, அட்டையைக் கையில் வைத்திருங்கள். நடைபாதை சூடாக இருக்கிறதா என்று மகன் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகே மணியை இறக்குங்கள்.