இரவு தங்குபவர்களிடம் உள்ளாட்சி வரி: மூணாறிலிருந்து ஒரு பதில்

சுற்றுலாத் தலங்களில் இரவு தங்குகிறவர்களிடம் தனியாக உள்ளாட்சி வரி வாங்குவதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அந்தப் பணம் ஊருக்குள்ளேயே செலவாகுமானால்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது மூணாறில் சில அறைகளை வாடகைக்கு விடுகிறேன். விருந்தினர் கிளம்பிய பிறகு அறையைப் பார்க்க வேண்டும்: தண்ணீர் பாட்டில்கள், பார்சல் சாப்பாட்டின் அலுமினியத் தாள், பிளாஸ்டிக் பையில் முடிந்துவைத்த டயாப்பர்கள். பாட்டில்களை, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் எடுத்துப் போவார்கள். டயாப்பரை எங்கே கொண்டுபோவது? கல்லாறு குப்பைக் கிடங்கில் காய்கறிக் கழிவைத் தின்ன படையப்பா என்ற காட்டு யானை வந்து நின்றதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

குப்பை எடுப்பதற்கு இங்கே வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கொடுக்கிறோம். வாரக் கடைசியில் வந்து தங்குகிறவர் ஊருக்கென்று எதுவும் கொடுப்பதில்லை. ஜிஎஸ்டி கட்டுகிறாரே என்பார்கள். 7,500 ரூபாய் வரையான அறைக்கு அது 5 சதவீதம்; பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. 2017-க்கு முன்பிருந்த ஆடம்பர வரியும் மாநிலக் கஜானாவுக்கே போனது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு விடுதிகளுக்கோ ஜிஎஸ்டி பதிவே கட்டாயமில்லை.

ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2016 முதல் இப்படி ஒரு வரி இருக்கிறது; சுற்றுச்சூழல், நீர்த் திட்டங்களுக்கு அந்தப் பணம் போகிறது. பூட்டான் சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தை 2022-இல் ஓர் இரவுக்கு 200 டாலர் என்று உயர்த்தி, மறு ஆண்டே 100 ஆகக் குறைத்தது; இந்தியருக்கு 1,200 ரூபாய். அவ்வளவு இங்கே கூடவே கூடாது. தேனியிலிருந்து குழந்தை குட்டிகளோடு பஸ் ஏறி வரும் குடும்பம் மூணாறை மறந்துவிடும். தலைக்கு 20 ரூபாய் போதும். அதற்காக யாரும் பயணத்தைக் கைவிட மாட்டார்கள்.

காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் இதில் சிக்க மாட்டார்கள் என்பது உண்மையான குறை. வெனிஸ் 2024-இல் நெரிசல் நாட்களில் பகல் பயணிகளிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது அதனால்தான்.

பஞ்சாயத்து தானாக இந்த வரியை விதிக்க முடியாது, மாநிலச் சட்டம் அதிகாரம் தரவேண்டும். தனிக் கணக்கு, எந்தெந்தச் செலவு என்பதையும் அதே சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். பொதுக் கணக்கில் கரைக்கப் பார்த்தால் நானே எதிர்ப்பேன். முதல் செலவு, மழையில் குப்பை மூட்டை தூக்கும் அந்தச் சேனைப் பெண்களின் கூலியை உயர்த்துவதாக இருக்கவேண்டும்; பிறகு கழிப்பறைகள்.