டெலீட் பண்ணினேன், இன்னும் நிற்குதுங்களே!

கேள்வி: திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன மாதம் எங்கள் மகளுக்குத் தெரட்டி சீர் (வயதுக்கு வந்ததற்கான சீர்) வைத்தோம். அன்று ராத்திரி கோபியில் இருக்கும் என் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில், "நங்கையா ஒரு பவுன் போடறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அரைப் பவுன்ல முடிச்சுட்டாங்க. இதுல ரசத்துக்கு உப்புப் பத்தலைன்னு பேச்சு வேற" என்று எழுதினேன். அது அக்காவுக்குப் போகாமல், என் வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தமெல்லாம் இருக்கிற குழுவுக்குப் போய்விட்டது. வீட்டுக்காரரின் அக்காவான நங்கையாவும் அதில் இருக்கிறார். பதறிப்போய் டெலீட் பண்ணினேன். என் போனில் மறைந்துவிட்டது. அப்பாடா என்று படுத்துவிட்டேன். காலையில் கொழுந்தனார் மனைவி கூப்பிட்டு, "அக்கா, அந்த மெசேஜ் இன்னும் அங்கேயேதான் நிக்குதுங்க" என்கிறாள். அன்றிலிருந்து நங்கையா என்னோடு பேசுவதில்லை. நான் அழித்தது ஏன் அழியவில்லை? இனியாவது அழிக்க வழி உண்டா? ஆபீஸ் மெயிலில் இப்படித் தவறிப்போனால் திரும்ப வாங்க முடியுமா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: இனி வழி இல்லைங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை எல்லோர் போனிலிருந்தும் நீக்குவதற்கு ஏறக்குறைய இரண்டரை நாள்தான் கெடு. உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்தபோதே அது தாண்டிவிட்டது. 2017-இல் இந்த வசதி வந்தபோது ஏழே நிமிடம்தான் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக்கினார்கள். 2022 ஆகஸ்டில்தான் இரண்டு நாளும் 12 மணி நேரமும் என்று நீட்டினார்கள்.

அந்தக் கெடுவுக்குள் உங்களுக்கு ஒரு வழி இருந்தது. உங்கள் போனில் மறைந்துபோன செய்தியாக இருந்தாலும், குழுவின் அட்மின் நினைத்தால் அதை எல்லோருக்குமாக நீக்க முடியும். காலையில் கொழுந்தனார் மனைவி கூப்பிட்டாரே, அப்போதே அட்மினிடம் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். என்ன, நீக்கிய இடத்தில் அட்மின் நீக்கினார் என்று அவர் பெயரோடு நிற்கும். அட்மின் யாரென்று நீங்கள் எழுதவில்லை. கொழுந்தனார் என்றால் பரவாயில்லை. மாமனார் என்றால் (இப்போதெல்லாம் ரிட்டயர் ஆன மாமனார்கள்தான் அட்மின்) கேட்கவே நா எழாது என்பதும் எனக்குப் புரிகிறது.

சரி, நீங்கள் அழித்தது ஏன் அழியவில்லை? செய்தியை அழுத்திப் பிடித்து, குப்பைத் தொட்டிப் படத்தைத் தொட்டால் இரண்டு வாசகங்கள் வரும். 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' என்பதைத் தொட்டால் எல்லோர் போனிலும் போகும். 'டெலீட் ஃபார் மீ' என்பதைத் தொட்டால் உங்கள் கண்ணுக்கு மட்டும் மறையும். விரல் நடுங்கும் நேரத்தில் நீங்கள் இரண்டாவதைத் தொட்டுவிட்டீர்கள். இப்படித் தொடுகிறவர்கள் ஏராளம் என்பதால்தானோ என்னவோ, 2022 கடைசியில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். 'டெலீட் ஃபார் மீ' என்று தொட்டதும் திரையின் அடியில் 'அன்டூ' என்று ஐந்து விநாடி நிற்கும். அதைத் தொட்டால் செய்தி திரும்ப வரும், சரியான வாசகத்தைத் தொட்டு மறுபடி அழிக்கலாம். செய்தி மறைந்ததும் பெருமூச்சு விட்டுப் போனைக் கீழே வைப்பவர்கள் கண்ணில் அது படாது.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. குழுவில் நாம் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' என்பதைப் பார்த்தால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் யார் படித்தார்கள் என்று தெரியும் (படித்ததைக் காட்டாதபடி போனில் மாற்றி வைத்திருப்பவர்கள்கூட குழுவில் மாட்டிக்கொள்வார்கள்). செய்தியையே உங்கள் போனிலிருந்து எடுத்துவிட்டதால் அந்தக் கணக்கைப் பார்க்கும் வழியும் போய்விட்டது. நங்கையா படிப்பதற்கு முன்பே அது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரை நீங்களே முந்திக்கொண்டு கூப்பிட்டிருக்கலாம்.

ஒருவேளை சரியாகவே அழித்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சுத்தமாகப் போகாது. செய்தி இருந்த இடத்தில், அது நீக்கப்பட்டது என்று சாய்வெழுத்தில் ஒரு வரி உட்கார்ந்திருக்கும். சீர் முடிந்த ராத்திரி, எல்லோரும் போட்டோ பார்த்துக்கொண்டு முழித்திருக்கிற நேரம். "அண்ணி, என்னமோ டெலீட் பண்ணீட்டீங்க, என்னதுங்க?" என்று ஒரு பொடியன் கேட்பான். அதற்கு இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். இதற்குள் யாராவது உங்கள் செய்தியைக் காட்டி பதில் எழுதியிருந்தால், மூலச் செய்தி போனாலும் அந்தப் பதிலின் தலையில் உங்கள் வாசகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். வேறு இடத்துக்கு ஃபார்வர்டு ஆனதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் உங்கள் கையில் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கி வைத்திருப்பவர், நீங்கள் அழித்த பிறகும் அறிவிப்பில் வந்த வரிகளை அங்கே போய்ப் படித்துவிடலாம். ஐபோன்காரர்களுக்குப் படமோ வீடியோவோ அனுப்பினால், குழுவில் அழித்த பிறகும் அவர்களுடைய போட்டோ ஆல்பத்தில் அது தங்கியிருக்கலாம்.

(இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கு ஒன்று. அடுத்தவர் அழித்ததைப் படித்துக் காட்டுகிறோம் என்று சொல்லும் ஆப்களைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அவை போனுக்கு வரும் எல்லா அறிவிப்புகளையும் படிக்க அனுமதி கேட்கும். பேங்க் ஓடிபியும் அறிவிப்பாகத்தான் வருகிறது.)

அதனால் தவறிப்போன செய்தியை அழிப்பது, இன்னும் பார்க்காதவர்களுக்குத்தான் மருந்து. பார்த்துவிட்டவரிடம் அது செல்லாது. பார்த்தவருக்குத் தெரிய அழித்துவிட்டுச் சும்மா இருந்தால் அது வேறு மாதிரிப் படும். மாட்டிக்கொண்டதற்குத்தான் வருத்தம், எழுதியதற்கு இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். என் யோசனை, உடனே அழியுங்கள், அடுத்த நிமிடமே சம்பந்தப்பட்டவரைக் கூப்பிடுங்கள். உங்கள் விஷயத்தில் அழிப்பது கைவிட்டுப் போயிற்று. கூப்பிடுவது இன்னும் பாக்கி இருக்கிறது, அதுவும் இத்தனை நாள் ஆன பிறகு போனில் வேண்டாம், நேரில் போங்கள்.

போகும் முன் நீங்கள் எழுதிய வரியை மறுபடி படித்துப் பாருங்கள். நங்கையாவுக்கு எது சுட்டிருக்கும்? அரைப் பவுன் என்பதா? தங்கம் விற்கிற விலையில் நாலு கிராம் போட்டதே பெரிது என்று குழுவில் பாதிப்பேர் அவர் பக்கம்தான் இருப்பார்கள். உப்பு சமாச்சாரமும் இல்லை. "ஊரெல்லாம் சொல்லிட்டு" என்று எழுதினீர்களே, அதுதான். பொறந்த வீட்டுச் சொந்தம் அத்தனை பேர் முன்னால் அவரைப் பீத்திக்கொள்கிறவராக ஆக்கிவிட்டீர்கள். எனவே மன்னிப்பும் அதற்குத்தான் கேட்க வேண்டும். "அப்படி எழுதுனது தப்புங்க நங்கையா, நெனச்சதும் தப்புங்க" என்று இரண்டு வார்த்தை. அதோடு நிறுத்திவிடுங்கள். எந்த மனநிலையில் எழுதினீர்கள், மண்டபத்தில் எத்தனை வேலை, அவர் என்ன சொன்னார் என்று விளக்கப் போனால் பவுன் கணக்கு மறுபடி திறக்கும். அக்காவுக்கு எழுதியது என்று சொல்வதிலும் லாபமில்லை. உங்கள் பொறந்த வீட்டிலும் இதே பேச்சுத்தான் ஓடுகிறது என்று அர்த்தமாகிவிடும்.

"பையன் போனை எடுத்து அனுப்பிட்டான்", "போனை ஹேக் பண்ணீட்டாங்க" இந்த இரண்டு கதையும் கொங்கு நாட்டில் எந்தக் குழுவிலும் இனி விலை போகாது. வீட்டுக்காரரைத் தூது விடாதீர்கள். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று அவர் இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவார். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அத்தை போட்ட தோடோ மோதிரமோ, அதை அவள் போட்டுக்கொண்டு வரட்டும். பேச வேண்டியதை மட்டும் அவள் காது கேட்காமல் சமையல்கட்டில் வைத்துப் பேசுங்கள். குழுவில் மன்னிப்பு எழுதலாமா என்று தோன்றும். இப்போது வேண்டாம். பத்துப் பேர் மறந்திருப்பார்கள், அவர்கள் மேலே போய்த் தேடிப் படிப்பார்கள். நங்கையாவே "குழுவுலயும் ஒரு வார்த்தை போடு" என்றால் போடுங்கள், அவர் சொல்கிறபடி.

இனி தவறாமல் இருக்க ஒரு சின்ன ஏற்பாடு. அன்று ராத்திரி பந்தி போட்டோ, சீர்த்தட்டுப் போட்டோ என்று குழுவில் வந்துகொண்டே இருந்திருக்கும். ஒவ்வொன்று வரும்போதும் அந்தக் குழு பட்டியலில் முதல் இடத்துக்கு ஏறும், உங்கள் அக்கா ஒரு படி கீழே இறங்குவார். கண் பழகிய இடத்தில் விரல் வைத்தீர்கள், இடம் மாறியிருந்தது. அக்காவின் சாட்டை மேலே 'பின்' பண்ணி வையுங்கள். குடும்பக் குழுவின் பின்னணியை அடர்ந்த சிவப்பாக மாற்றுங்கள். ஒவ்வொரு சாட்டுக்கும் தனித்தனியாக மாற்ற வாட்ஸ்அப்பில் இடமிருக்கிறது. திறந்ததும் சிவப்பாக இருந்தால் விரல் தயங்கும்.

வேறு ஆப்களில் கெடு வேறு வேறு. சிக்னலில் ஒரு நாள். ஐபோனின் ஐமெசேஜில் இரண்டே நிமிடம், எதிரில் இருப்பவர் ஐஓஎஸ் 16-க்கு முந்தைய போன் வைத்திருந்தால் அதுவும் பலிக்காது. சாதாரண எஸ்எம்எஸ் போனால் போனதுதான். டெலிகிராம்தான் இதில் தனி ரகம். தனிப்பட்ட உரையாடலில் எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், அழித்த அடையாளமும் நிற்காது. அங்கே நீங்கள் அனுப்பியதை மட்டுமல்ல, எதிரில் இருப்பவர் அனுப்பியதையும் இரண்டு போனிலிருந்தும் நீங்கள் அழித்துவிடலாம். அவரும் உங்களுடையதை அழிக்கலாம். நூல் ரேட்டும் டையிங் டெலிவரி தேதியும் அதில் பேசிக்கொள்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். பில் தகராறு வரும் நாளில் அந்தப் பேச்சே இருக்காது. ரேட் பேசினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மெயிலில் ஒரு வரி போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நீங்களும் ஜாப் ஒர்க்காரருக்குத் தப்பான ரேட்டைப் போட்டுவிட்டால் அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் என்றால் 'எடிட்' பண்ணலாம், திருத்தியது என்று அடையாளமும் இருக்கும். அதற்கு மேல் ஆகிவிட்டால் சரியான ரேட்டைப் புதிதாக எழுதுங்கள்.

அப்புறம் ஆபீஸ் மெயில். போய்ச் சேர்ந்த மெயிலைத் திரும்ப வாங்குவது பொதுவாக நடக்காது. அவுட்லுக்கில் 'ரீகால்' என்று ஒன்று உண்டு, ஆனால் அது ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் முகவரிகளுக்குத்தான். உங்கள் ஆபீசில் அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போனதை ஒருவேளை இழுத்துவிடலாம். ஒரு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்குப் போட்ட காஸ்டிங் ஷீட் (விலைக் கணக்கு) ஜெர்மனியில் இன்னொரு பையருக்குப் போய்விட்டால் முடியாது. அங்கே ரீகால் அழுத்தினால், இன்னார் இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்று இன்னொரு மெயில் போய் நிற்கவும் கூடும். அப்படிப் போனால், திறக்காமல் விட்டிருப்பவரும் முதல் மெயிலைத் தேடித் திறப்பார். அதற்குப் பதில், தவறி அனுப்பிவிட்டோம், அழித்துவிடுங்கள் என்று உடனே நேராக எழுதிவிடுவது மேல், உங்கள் மேனேஜருக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள். ரேட் உள்ள ஷீட்டை இணைப்பாக வைக்காமல் டிரைவில் போட்டு, பையரின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்து லிங்க்கை அனுப்பும் பழக்கமும் நல்லது. லிங்க் வேறு ஆளுக்குத் தவறிப்போனாலும் அவரால் திறக்க முடியாது.

ஜிமெயிலில் 'அன்டூ' இருக்கிறதே என்பீர்கள். அது போன மெயிலைத் திரும்ப அழைப்பதில்லை. நீங்கள் 'சென்ட்' அழுத்திய பிறகும் சில விநாடி மெயிலை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் அது 5 விநாடி. கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஜெனரல்' என்ற பகுதியில் அதை 30 விநாடி வரை கூட்டலாம். நாளைக்கு ஆபீஸ் போனதும் முதல் வேலையாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு பக்கத்தின் அடிவரை இறங்கிப் போய் 'சேவ் சேஞ்சஸ்' என்பதை அழுத்துங்கள். அதை அழுத்தாமல் வெளியே வந்தால் பழைய 5 விநாடியே இருக்கும்.