நீலகிரிக்குக் குடிவந்த பிறகு, ஆயுர்வேதப்படி என் உடல்வகை வாதம் என்கிறது இணையத் தேர்வு. அதற்கேற்ப உணவையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளலாமா?

சென்னையிலிருந்து குன்னூருக்கு வந்த நாள் முதல் தோல் வறட்சி, மலச்சிக்கல், அரைகுறைத் தூக்கம், காரணமில்லாத படபடப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றைக் குறித்துவிட்டு அந்தத் தேர்வை முடித்தால் வாதம் என்று வராமல் வேறு என்ன வரும்? ஜனவரி உறைபனியில் எங்கள் கோத்தகிரியில் யாரை உட்கார வைத்தாலும் அதே விடைதான் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூக்கடைப்போடு அதே ஆட்கள் எழுதினால் எல்லோரும் கப உடல்.

ஆயுர்வேதம் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறது. பிரகிருதி கருவிலேயே அமைவது. கடைசிவரை பெரிதாக மாறாது. விகிருதி இன்றைய நிலை. உங்கள் தேர்வு அளந்தது இரண்டாவதை. பிரகிருதியை ஓரளவாவது ஊகிக்க வேண்டுமென்றால், உடல்நலத்தோடு இருந்த இளவயதில் உங்கள் உடல்வாகு, பசி, வியர்வை, தூக்கம், கோபம் எல்லாம் எப்படி இருந்தன என்று அம்மாவிடம் கேளுங்கள். தனி வாதம், தனி பித்தம், தனி கபம் என்று இருப்பவர்கள் குறைவு. நூல்கள் சொல்லும் ஏழு வகைகளில் மூன்று இரட்டைக் கலப்பு, ஒன்று மூன்றும் சமமானது.

ஆனால் மலைக்குப் புதிதாக வந்தவருக்கு அதைவிட முக்கியமானவை நிலமும் பருவமும். குளிர்காலத்தில் வயிற்றுத் தீ வலுக்கிறது, இரவு நீள்வதால் காலையிலேயே பசிக்கும், அந்தப் பசிக்குச் சோறு போடாவிட்டால் அது உடலையே தின்னும் என்கிறது அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல். நீங்களோ காலையில் பச்சைக் காரட்டும் பழச்சாறும் மட்டும் எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஊட்டி காரட் நல்ல காரட்தான், மறுக்கவில்லை. டிசம்பர் காலைக்கு அது உணவாகாது. படகர் வீடுகளில் சூடான ராகிக் களியும் அவரைக் குழம்பும் சாப்பிடுகிறார்கள் அல்லவா, அந்த வழிக்குப் போங்கள்.

பருப்பு, பீன்ஸ் சாப்பிட்டால் வாயுத் தொல்லை என்கிறீர்கள். இதற்கு உடல்வகையைத் தேட வேண்டியதில்லை. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் சென்னைக் கணக்குக்கு வேகவைத்தால் பருப்பு அரைவேக்காடுதான். இரவே ஊறவைத்து, குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். பிறகு தேநீர். துவர்ப்பும் கசப்பும் வாதத்தை ஏற்றுபவை. எங்கள் ஊர்த் தேயிலையைக் குறை சொன்னால் என்னை ஊரைவிட்டே தள்ளிவைப்பார்கள். ஆனாலும் மாலைக்குப் பிறகு கட்டித் தேநீர் குடிப்பவருக்குத் தூக்கம் எப்படி வரும்?

எண்ணெய்க் குளியலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வறண்ட, வெயில் அடிக்கும் பனிக்கால நாளில் மிதமாகச் சூடாக்கிய நல்லெண்ணெயைத் தேய்த்து, வெந்நீரில் குளியுங்கள். உங்கள் தோலுக்கும் படபடப்புக்கும் இதம் தரும். சளி கட்டியிருக்கும்போதும் உணவு செரிக்காதபோதும் எண்ணெய் கூடாது என்று அஷ்டாங்க ஹிருதயமே தடுக்கிறது. மழைக்கால மூடுபனி நாளில், வாத உடல் என்ற தேர்வு முடிவை நம்பித் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். குறிஞ்சி நிலத்தில், அதாவது மலைப்பகுதியில், ஐயம் (கபம்) தங்கும் என்பது சித்த மருத்துவத்தின் பழைய கணிப்பு.

மனம் வேறு, உடல் வேறு என்று இந்த மருத்துவம் பார்ப்பதில்லை. வாதம் ஏறினால் பதற்றம், பித்தத்துக்கு எரிச்சல், கபத்துக்கு மந்தம். புதிய ஊர், தெரியாத முகங்கள், நாள்கணக்கில் சூரியனைக் காணாத வானம்: இவை போதும், யாருக்கும் மனம் அலைபாயும். உணவு, தூக்கம் இரண்டுக்கும் நேரத்தை நிலையாக்குங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் வெளியே நடந்துவிடுங்கள். மதியம் கம்பளிக்குள் புகுந்து தூங்கும் பழக்கம் இங்கே எளிதில் ஒட்டிக்கொள்ளும். பகல் தூக்கத்தை நூல்கள் கோடையில்தான் பொதுவாக அனுமதிக்கின்றன.

முக்கியமான ஒன்று. தோல் வறட்சி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவை தைராய்டு சுரப்பு குறைந்தாலும் வரும். உடல்வகைக் கோட்பாடு நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. நவீன ஆய்வில் முழுமையாக நிறுவப்பட்டதும் அல்ல. முதலில் தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதில் எல்லாம் சரியாக இருந்தால், பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரை நேரில் பாருங்கள். தேர்வு முடிந்ததும் அந்தத் தளம் வாங்கச் சொன்ன சூரணம் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் டப்பாவை அப்படியே மருத்துவரிடம் எடுத்துச் சென்று, அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று காட்டிக் கேளுங்கள்.