எடை அசையவில்லை, நடை பலன் தருகிறதா?

கேள்வி: வயது 52, எடை 70 கிலோ. மூன்று மாதமாகத் தினமும் காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். நான்காம் மாடி வீட்டுக்கு லிஃப்டைப் பயன்படுத்தாமல் படியேறுகிறேன். எடை அப்படியே இருக்கிறது. செல்போன் ஒருநாள் 9,000 அடி, இன்னொரு நாள் 6,000 என்கிறது. உடல் தேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எடையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். உங்கள் எடைக்கு 40 நிமிட நடையில் செலவாவது சுமார் 160 கலோரி. டீயோடு இரண்டு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். அடி எண்ணிக்கையும் எவ்வளவு நடந்தீர்கள் என்பதைத்தான் சொல்லும். போனைக் கையில் பிடித்து நடந்தால் ஒரு எண், பையில் போட்டால் வேறு எண். குண்டும் குழியுமான சாலையில் பைக் ஓட்டினாலும் சில போன்கள் அடி சேர்த்துவிடும். 10,000 அடி என்ற இலக்கேகூட 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியோடு பரவியதுதான்.

ஒரே வேலைக்கு இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடித்தால் உடல் தேறியிருக்கிறது. இதை அளக்க உங்கள் மாடிப்படியே போதும்.

முதலில் படிகளை எண்ணுங்கள். தரைத்தளத்திலிருந்து 72 படி என்று வைத்துக்கொள்வோம். காபிக்கு முன், ஐந்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு ஏறத் தொடங்குங்கள். போனில் மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் ‘டிக்’ என்று ஒலிக்கும்) செயலியை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒரு ஒலிக்கு ஒரு படி. கைப்பிடியைத் தொடலாம், இழுத்து ஏறக் கூடாது. 72 விநாடியில் மேலே நிற்பீர்கள். உடனே மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து 15 விநாடி நாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அங்கேயே நின்று, மேலே வந்ததிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுங்கள்.

உதாரணமாக, இன்று 138, ஒரு நிமிடம் கழித்து 118. இரண்டு மாதம் கழித்து 126, பிறகு 98 என்று வந்தால் முதல் எண் இறங்கியிருக்கிறது, ஒரு நிமிடத்தில் நாடி தணியும் அளவும் 20-இலிருந்து 28 ஆகியிருக்கிறது. எடை அசையாவிட்டாலும் இது நல்ல முன்னேற்றம்தான்.

பலர் சறுக்குவது வேகத்தில்தான். உற்சாகத்தில் ஒவ்வொரு முறையும் விரைவாக ஏறுவார்கள், நாடியும் கூடும், ‘முன்னேற்றமே இல்லை’ என்று சோர்ந்துபோவார்கள். வேகம் மாறினால் ஒப்பிட முடியாது. தூக்கம் கெட்ட மறுநாள், காய்ச்சல் விட்ட வாரம், வெயில் ஏறிய பிறகு அளந்த எண்களையும் சேர்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரொலால் போன்ற மாத்திரை எடுத்தால் நாடி அவ்வளவாக ஏறாது. அப்போது மேலே போனதும் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று குறித்துவையுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது கைவலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்; ஏற்கெனவே இருந்தால் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். முழங்கால் வலி இருந்தால் ஏறிவிட்டு இறங்க லிஃப்டைப் பயன்படுத்துங்கள், இறங்கும்போதுதான் மூட்டுக்குச் சுமை அதிகம்.

எட்டு வாரத்துக்குப் பிறகும் எண்கள் அசையவில்லை என்றால் நடை மெதுவாக இருக்கலாம். அரை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். 50-க்குக் குறைவாக இருந்தால் முதலில் அதை எட்டுங்கள். எட்டியவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம், பேச்சு தடுமாறும் அளவுக்கு வேகத்தைக் கூட்டலாம்.