அப்பாவின் பக்கத்தையும் விசாரியுங்கள்: சூலகப் புற்றுநோய் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

பரம்பரையாக வரும் சூலகப் புற்றுநோய் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். புற்றுநோய்க் கிளினிக்கில் பல வருடமாக இருக்கும் வைத்தியராகச் சொல்கிறேன். உங்கள் உடம்பைச் சோதித்துப் பார்த்த வைத்தியரின் சொல் இதைவிட முக்கியம்.

கொக்குவில்: அம்மாவுக்கு 54 வயது. சூலகப் புற்றுநோய்க்கு ஒப்பரேசன் முடிந்து கீமோ நடக்கிறது. இப்போது மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். "வந்த பிறகு என்னத்துக்கு?" என்று அம்மா மறுக்கிறார்.

அம்மாவுக்குப் பயன் இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்களும் உடைந்த டி.என்.ஏ. இழையைத் திருத்துகிற வேலையைச் செய்பவை. ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. பிறக்கும்போதே ஒன்று பழுதாக இருந்து, சூலகத்திலோ, அதிலிருந்து கருப்பைக்குப் போகும் பலோப்பியன் குழாயிலோ ஒரு கலத்தில் மற்றதும் பழுதானால், அந்தக் கலத்தில் பிழைகள் குவிந்து புற்றுநோயாக மாறலாம். ஆனால் அந்தக் குறையே புற்றுக்கலத்தின் பலவீனமும்கூட. அது பார்ப் என்ற இன்னொரு திருத்தும் வழியை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் அந்த வழியையும் அடைத்துவிடும். நல்ல கலங்களிடம் பழுதில்லாத ஒரு பிரதி இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கும்.

முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டு, இந்த மரபணுப் பழுதும் (இதைத்தான் விகாரம் என்கிறோம்) இருந்த பெண்களுக்குக் கீமோ முடிந்ததும் ஒலாபரிப் கொடுத்துப் பார்த்த சோலோ 1 ஆய்வில், 7 ஆண்டுகளின் பின் 67 வீதமானோர் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது ஏறத்தாழ 47 வீதம். மாத்திரையின் விலை அதிகம்தான், அதைக் கிளினிக்கில் வெளிப்படையாகப் பேசுங்கள். விகாரம் இருக்கிறதா என்று தெரியாமல் அந்தப் பேச்சையே தொடங்க முடியாது.

இரண்டாவது பயன் உங்களுக்கு. குடும்பத்தில் நோய் வந்தவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அவரில் விகாரம் கிடைத்தால், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அம்மாவைச் சோதிக்காமல் உங்களைச் சோதித்து "ஒன்றுமில்லை" என்று வந்தால், அதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு சிறு குழாய் இரத்தம்தான், அம்மாவிடம் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள்.

நல்லூர்: அம்மாவின் பக்கத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லை. அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, வயிறு வீங்கி இறந்தவர். அது எங்களுக்குச் சேராதுதானே?

சேரும். இந்தத் தவறான எண்ணத்தால்தான் பல குடும்பங்கள் தப்புக் கணக்குப் போடுகின்றன. விகாரம் அப்பாவிடம் இருந்தும் வரும், அம்மாவிடம் இருந்தும் வரும். யாரிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்பாவுக்குச் சூலகம் இல்லாததால் அவரில் அது வெளியே தெரியாமல் இருந்துவிட்டு, மகளில் வெளிப்படலாம்.

கிளினிக்கில் குடும்ப விபரம் கேட்டால் "ஒருத்தருக்கும் இல்லை டொக்டர்" என்றுதான் முதலில் சொல்வார்கள். மூன்றாம் தடவை வரும்போது, "அப்பம்மாவுக்கு வயிற்றில கட்டி எண்டு சொன்னவை" என்று மெல்ல வெளியே வரும். நம் ஊரில் பெண்களின் வயிற்று நோயைப் பெயர் சொல்லிப் பேசாமலே புதைத்திருக்கிறோம். இடம்பெயர்வில் கிளினிக் கொப்பிகளும் போய்விட்டன. ஆகவே வயதான மாமிமாரிடம் இப்போதே கேளுங்கள். யாருக்கு, எந்த வயதில், வயிற்றிலா மார்பிலா என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மார்புப் புற்றுநோயையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே விகாரத்தால் வரலாம்.

சாவகச்சேரி: ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவின் மகளுக்குப் பி.ஆர்.சி.ஏ.1 விகாரம் இருக்கிறதாம். எங்களையும் பார்க்கச் சொல்கிறாள். அம்மாவுக்கு 60 வயது, ஒரு நோயும் இல்லை.

அந்த அறிக்கையின் முழுப் பிரதியையும் அனுப்பச் சொல்லுங்கள். "பி.ஆர்.சி.ஏ. இருக்கு" என்ற வாய்ச்சொல் போதாது. விகாரம் எந்த இடத்தில் என்று அதில் எழுதியிருக்கும், ஆய்வுகூடத்துக்கு அதுதான் வேண்டும். அது சின்னம்மாவின் பக்கமா சித்தப்பாவின் பக்கமா என்பதும் தெரிய வேண்டும். சின்னம்மாவின் பக்கமென்றால் முதலில் உங்கள் அம்மாவைச் சோதியுங்கள். அவருக்கு இல்லையென்றால் அந்த விகாரம் அவர் வழியாக உங்களுக்கு வந்திருக்காது, அதோடு விட்டுவிடலாம். இந்தத் தங்கை தனக்குத் தெரிந்ததை ஊர்வரை சொல்லியிருக்கிறாள். அவளுக்கு நன்றி சொல்லுங்கள்.

கரவெட்டி: எனக்கு 36 வயது, பி.ஆர்.சி.ஏ.1 உறுதியாகிவிட்டது. இரண்டாவது பிள்ளையோடு எல்.ஆர்.ரி. (குழாய்களைக் கட்டி வெட்டும் கருத்தடை ஒப்பரேசன்) செய்துவிட்டேன். அது போதாதா? வருடாவருடம் ஸ்கான் செய்துகொண்டு இருக்கலாமா?

தங்கச்சி, இரண்டும் போதாது. எல்.ஆர்.ரி. ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. ஸ்கானும் சீ.ஏ.125 இரத்தப் பரிசோதனையும் நோயை நேரத்தோடு பிடித்து உயிர் காப்பதாக நிரூபணமாகவில்லை. பிரித்தானியாவில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல வருடம் தொடர்ந்த ஆய்வு 2021இல் முடிவைச் சொன்னது: மரணங்கள் குறையவில்லை. அவர்கள் சாதாரண ஆபத்துள்ள பெண்கள், ஆனால் உங்கள் நிலையிலும் ஸ்கானை நம்பிச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல்தான் வாழ்நாளில் இந்த நோய் வரும். பி.ஆர்.சி.ஏ.1 இருந்தால் 80 வயதுக்குள் ஏறத்தாழ 44 பேருக்கு, பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 17 பேருக்கு. அதனால்தான் பிள்ளைப்பேறு முடிந்ததும், பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்களுக்கு 35க்கும் 40க்கும் இடையில், பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவர்களுக்கு 40க்கும் 45க்கும் இடையில், இரண்டு சூலகங்களையும் குழாய்களையும் எடுத்துவிடும்படி சொல்கிறோம். இந்தப் புற்றுநோயில் பெரும்பகுதி குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது, ஆகவே குழாய்களை விடக்கூடாது.

மாதவிடாய் உடனே நின்றுவிடும். உடம்பு கொதிக்கும், நித்திரை கெடும், எலும்பு மெலியும். மார்புப் புற்றுநோய் வராதவர் என்றால் 50 வயதளவும் ஹோர்மோன் எடுக்கலாமா என்று ஒப்பரேசனுக்கு முன்பே பேசி முடிவெடுங்கள். பயமாக இருப்பது இயல்பு. கணவரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள்.

மானிப்பாய்: அறிக்கையில் "முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்திருக்கிறது. சூலகத்தை எடுக்க வேண்டுமா?

அந்த மாற்றம் தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியாது என்பதுதான் அதன் பொருள், அதை மட்டும் வைத்து எடுக்கவே கூடாது. நம்மவர்களின் மரபணுக்கள் உலகத் தரவுகளில் குறைவாக இருப்பதால் இப்படியான பதில் நமக்கு அதிகம் வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை பிறகு தீங்கற்றவை என்று மாற்றி எழுதப்படுகின்றன. மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று இரண்டொரு வருடத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

பருத்தித்துறை: அண்ணா, தம்பிமாரும் பார்க்க வேண்டுமா?

ஆம். பி.ஆர்.சி.ஏ.2 இருந்தால் புரஸ்டேட் புற்றுநோயின் ஆபத்துக் கூடும், ஆண்களுக்கு மார்புப் புற்றுநோயும் வரலாம். அவர்களுக்கு மகள்மாரும் இருப்பார்கள்.

உரும்பிராய்: மகளுக்கு 24 வயது, சம்பந்தம் பேசுகிறோம். எனக்கு விகாரம் இருப்பது தெரிந்தால் குழம்பிவிடும். அவளுக்கும் சொல்லாமல் இருக்கலாமா?

அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் வீட்டு முடிவு. ஆனால் அவளுக்கு மறைக்காதீர்கள். அவளிடம் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. பரிசோதனை செய்வதா வேண்டாமா என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். இருந்தால் 25 வயதிலிருந்தே மார்பைக் கவனிக்கத் தொடங்க வேண்டும், பிள்ளை பெறுவதையும் ஓர் ஒழுங்கோடு யோசிக்கலாம். கலியாணத்தைக் காரணம் காட்டி குடும்பத்தில் இது இருப்பதை உங்களுக்கு யாராவது மறைத்திருந்தால், இன்று உங்களுக்கு எப்படி இருக்கும்? எப்படிச் சொல்வதென்று தெரியாவிட்டால் இருவருமாகக் கிளினிக்குக்கு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க, நான் சொல்கிறேன்.